ஹமாம்

பேரணாம்பட்டில் கத்திரி வெயில்.
கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
குளியலறைத் தகரக்கதவுக்கு வெளியே சலோமி:
"துருக்கியில காசு குடுத்தா வேர்த்தீங்க?"

ஆமாம், முதல் மாதச் சம்பளத்தில்.
சூடான சலவைக்கல்லில் குப்புறக் கிடந்தேன்.
மீசைக்காரர் ஒருவர்
முரட்டுக் கையுறையால் தேய்க்கத் தேய்க்க
அழுக்கு திரிதிரியாய் உருண்டது.
இருபது வருஷம்
தொட்டித்தோலை எடுத்துப் பலகையில் விரித்துச்
சவ்வு வழித்தவன் நான்.
அவர் என்னைப் புரட்டிப் போட்டு
கழுத்தோரத் தழும்பைத் தடவிப் பார்த்தபோது
மூன்றாம் தரம் என்று
தள்ளிவிடுவாரோ என்றிருந்தது.
தள்ளவில்லை.
வெந்நீர் ஊற்றினார். தோளில் தட்டினார்.

"அந்த எடத்துக்கு என்ன பேரு?"

"ஹமாம்."

கதவிடுக்கில் ஒரு கை நுழைகிறது.
பச்சையாய், பாதி கரைந்த சோப்பு.
"முதுகு எட்டலேன்னா கூப்பிடுங்க."