ஒரு வாளி மணல்

திங்கட்கிழமை பூரணம் வெட்டுக்கிளியைத் தின்னவில்லை.
ஒரு கண் அதன்மேல்,
மறு கண் கூண்டின் தரையில்.
செவ்வாய், கறுத்தாள்.
கறுப்பின்மேல் மஞ்சள் புள்ளிகள்,
மொட்டைமாடியிலிருந்து தெரியும்
துறைமுகத்து விளக்குகள் போல.
புதன், மேற்கிளையை விட்டு இறங்காத சீமாட்டி
இறங்கி வந்து
மூலை மூலையாய் நடந்தாள்.

மோல்டாவுக்குப் போகும்போது தம்பி
என்னிடம் விட்டுப்போனது இரண்டு:
ஒரு அயர்ன் பெட்டி, இவள்.
"சோடி இல்லாட்டியும் முட்டை போடும் அண்ணை, பயப்பிடாதை.
ஈரமணல் வை, ஒரு முழ ஆழத்துக்கு.
முக்கியம், பாக்காதை."
பார்த்தால் தோண்டுவதை நிறுத்துவாளாம்.
நிறுத்தினால் முட்டை உள்ளேயே இறுகி
செத்துப்போவாளாம்.

பாக்காதை!
யாருக்குச் சொல்கிறாய், ரமணீதரா?
நான் மின்சார சபைக்கு மானி வாசிப்பவன்.
பதினாறு வருசமாய்
கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளில்
மதிலால் எட்டி, ஜன்னலால் குனிந்து,
நாய்க்குரைப்புக்கு நடுவே எண் எழுதுகிறவன்.
காயும் உள்பாவாடை, பாதியில் நின்ற சண்டை,
ஆளில்லா அறையில் ஓடும் மின்விசிறி,
எல்லாம் என் கண்ணில் பட்ட பிறகுதான்
பில்லில் ஏறும்.

முதலில் காக்கைதீவில் அள்ளினேன்.
நாலு தரம் கழுவி
நாக்கில் ஒரு துளி வைத்தேன்: உப்பு.
பிறகு சந்தியில் எழும்பும் இருபது மாடியின் காவலாளி
விமலதாச, வாளியைப் பார்த்து,
வீடு கட்டுகிறாயா என்றார் சிங்களத்தில்.
ஓம், சின்ன வீடு என்றேன்.
தமிழில் சொல்லியிருந்தால்
நாளைக்கு ஒழுங்கை முழுக்கச் சிரித்திருக்கும்.

புட்டுக்கு மா குழைக்கும் பதம்.
பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும்,
தண்ணீர் சொட்டக் கூடாது.
வாளியைக் கூண்டுக்குள் வைத்து
சுற்றிவர சபை தந்த மழைக்கோட்டைக் கட்டினேன்.
இருப்பது ஒரே அறை.
பாயைச் சுருட்டிக்கொண்டு
குசினிக்குள் போனேன்.

சுரண்டல்.
கொஞ்சம் மணல் பிளாஸ்டிக்கில் விழும் சத்தம்.
பத்து நாற்பதுக்கு நின்றது.
என் மூச்சைக் கேட்டிருப்பாளோ?
ஒரு மணிக்கு மழை, மழைக்குள் ஒன்றும் கேட்கவில்லை.
மூன்று இருபதுக்குத் திரும்பவும் சுரண்டல்.
வாசிப்புப் புத்தகத்தின் பின்னட்டையில்
நேரம் மட்டும் எழுதினேன்.

வியாழன் காலை பஸ்ஸில் ஒருவர்
பேப்பரை மடியில் அடித்து,
"பச்சோந்திப் பயல், திரும்பவும் மாறிற்றான்" என்றார்,
கட்சி தாவிய யாரையோ.
எனக்குச் சுரீர் என்றது.
ஐயா, எங்கள் வீட்டில் ஒருத்தி
மூன்று நாளாய்ச் சோறு தண்ணி இல்லாமல்
கறுத்துப்போய்க் கிடக்கிறாள்.
கிட்ட வராதே என்பதற்கு
அவளிடம் வேறு சொல் இல்லை.
சொல்லவில்லை. ஆமர் வீதியில் இறங்கிவிட்டேன்.

வெள்ளி விடிய
மேற்கிளையில் இருந்தாள்.
விலா ஒட்டி, கண்குழி உள்வாங்கி,
மூக்கு நுனியில் மணல்.
வாளியில் ஒரு குழியும் இல்லை,
கொத்தனார் மட்டப்பலகை போட்ட மாதிரி
அத்தனை சமம்.
காதுமருந்துப் போத்தலால் சொட்டுச் சொட்டாய்த்
தண்ணீர் விட்டேன். குடித்தாள், குடித்தாள்,
அரை மணித்தியாலம் குடித்தாள்.
கல்சியம் குளிசையைக் கரண்டியால் பொடித்து
வெட்டுக்கிளிக்குப் பவுடர் பூசினேன்,
பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை போல.

பிறகு தேக்கரண்டியால் மணலைக் கிண்டினேன்.
முப்பத்தொன்று. மங்கல் வெள்ளை.
ஒன்றுக்குள்ளும் யாரும் இல்லை.
இருந்தும், மாநகர சபை லொறி
கீழே மணி அடித்தபோது
கொண்டுபோய்க் கொட்ட மனம் வரவில்லை.
பழையபடி மூடி
மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி நிழலில் வைத்தேன்.

"எப்பிடிப் போட்டவள்?" என்று கேட்டான் தம்பி இரவு.
எனக்கெப்படித் தெரியும்?

பூரணம் பச்சைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்,
வாலிலிருந்து தொடங்கி.
ஒரு கண் வெட்டுக்கிளியில்.
மற்றதால்
என்னை வாசித்தாள்.