ஈரக்குலை

மீன் பையில்தான் கொண்டுபோனேன்,
வேறு பை இல்லை.
ஏழு புட்டி, ஒரு பொடி டப்பா,
லேபிள் பாதி உரிந்த ஓர் எண்ணெய்.
டாக்டர் யாஸ்னா ஒவ்வொன்றாக எடுத்து
மேசைமேல் நிறுத்தினாள்,
சந்தையில் நான் மீன் அடுக்குவதுபோல,
கண்ணெல்லாம் ஒரே பக்கம் பார்க்க.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றாள்.
மருந்தென்றால் சொல்லியிருப்பேன்.
இது வெறும் இலை, வேர், கடற்பாசி.
இயற்கையானது என்று
பச்சை எழுத்தில் போட்டிருக்கிறதே.

சொன்ன வாய் மூடுமுன் நாக்கு சுட்டது.
வால்திவியா ஆற்றங்கரையில்
இருபது வருஷம் கத்தி பிடித்தவள் நான்.
கடலில் சிவப்பு அலை வந்தால்
சிப்பியைத் தொடமாட்டேன்.
அந்த நஞ்சும் இயற்கைதான்.
கொதிக்க வைத்தாலும் போகாது.

நாவெலுக்கு ஒன்பது வயது.
தரையிலிருந்து எழ
முழங்காலில் கைவைத்து, தொடையில் கைவைத்து
தன் உடம்பையே ஏணியாக்கி ஏறுவான்.
கெண்டைக்கால் மட்டும் திரண்டிருக்கும்.
பந்தாட்டக்காரன் கால் என்பார்கள்
மீன் வாங்க வருகிறவர்கள்.
ஆமாம் என்று செதில் சுரண்டுவேன்.

ஒசோர்னோவில் ஒரு பையன்
இதைக் குடித்துப் படியேறினானாம்.
அவன் அம்மாவே சொன்னாளாம்.
அந்த 'ஆம்' இருக்கிறதே,
அதற்குத்தான் மாதம் நாற்பதாயிரம் பெசோ கொடுத்தேன்.

யாஸ்னா ஒரு தாளைத் திருப்பிக் காட்டினாள்.
இந்த எண் இவனுக்கு எப்போதும் ஏறித்தான் இருக்கும்,
தசை கசிகிறது, அதனால்.
ஈரல் கெட்டாலும் ஏறுவது இதே எண்.
கூச்சல் நிறைந்த வீட்டில்
கைக்குழந்தை அழுதால் யாருக்குக் கேட்கும்?
இன்னோர் எண் உண்டு,
அதற்குத் தசையைத் தெரியாது, ஈரலைத்தான் தெரியும்.
சந்தேகப்பட்டுப் பார்த்தேன் என்றாள்.
மூன்று மடங்கு.

தேயிலைதானே டாக்டர்?
தேயிலைதான்.
பத்துக் கோப்பையைச் சுண்டக் காய்ச்சி
ஒரு குளிகைக்குள் அடைத்திருக்கிறார்கள்.

திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.
எலும்புக்கான சொட்டு மருந்தை
என் பக்கம் நகர்த்தினாள்.
பொடியை, சிறுநீரகம் பார்த்த பிறகு பேசுவோம் என்றாள்.
எண்ணெயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
உள்ளே என்னவென்று எனக்குத் தெரியாது,
விற்றவனுக்கும் தெரியாது என்றாள்.
மற்றவை குப்பைக்கூடைக்குப் போயின.

வயிறு கீறினால்
விரல் நுனியிலேயே சொல்லிவிடுவேன்
எந்த மீனின் ஈரல் கெட்டதென்று.
என் பிள்ளையின் ஈரல்
இரவெல்லாம் என் உள்ளங்கைக்கு அடியில்தான் தூங்கியது.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆறு வாரத்தில் எண் இறங்கத் தொடங்கியது.
சக்கர நாற்காலியைச் சந்தைப் படித்துறையில் நிறுத்தினேன்,
மழை கொஞ்சம் விட்டிருந்தது.
கீழே கடற்சிங்கங்கள்
தலையும் குடலும் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன.
அம்மா, திட்டமாட்டாயே என்றான்.
செவ்வாய்க்கிழமையெல்லாம் அந்தக் குளிகையை
அதோ, அந்தக் கிழட்டுத் தடியனுக்குப் போட்டேன்.
தின்னவில்லை.
முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

திட்டத்தான் வாயெடுத்தேன்.
சிரிப்பு வந்தது. பிறகு
ஈரக்குலை ஒரு முறை நடுங்கி அடங்கியது.

ஒசோர்னோக்காரிக்கு இன்னும் சொல்லவில்லை.
இரண்டு முறை எண்ணைச் சுழற்றி வைத்துவிட்டேன்.
நிஜமாகவே அவன் படியேறினானா என்று
எப்படிக் கேட்பது,
இன்னொரு தாயிடம்?