ஏழாம் தூண்

கடைசி டிரிப் முடிந்து, கலெக்‌ஷன் கட்டி,
காக்கிச் சட்டையோடேயே பாலத்துக்கு வரும்போது
மணி பதினொன்று தாண்டியிருக்கும்.
டிக்கெட் மிஷின் இருந்த பையில் இப்போது
பிளாஸ்டிக் குழாயில் சுற்றிய தங்கூஸ்.
நூறு கிலோ தாங்கும் என்றான் கடைக்காரன்.
சொன்னதுதான்.

இரையுமன்துறைப் பாலத்தில் விளக்கு பன்னிரண்டு,
எரிவது நான்கு.
ஏழாம் தூணுக்கு மேலே எரிகிறதே, அது போதும்.
வெளிச்சம் தண்ணீரில் விழுந்து முடிகிற கோட்டுக்கு
அந்தப் பக்கம், இருட்டில்,
கடல்விரால் நிற்கும்.
ஒளிந்து அல்ல.
ஸ்டாப் இல்லாத வளைவில் கை காட்டுகிறவன் மாதிரி,
பஸ் நின்றே தீரும் என்று.

அதற்கு வேடிக்கை பார்க்கிற புத்தி, என்பார் பீர்கண்ணு.
மிதவை, மரக்கட்டை, திருக்கையின் முதுகு,
நங்கூரக் கயிறு,
கடலில் சும்மா கிடக்கும் எதையும்
விசாரிக்காமல் அதனால் கடந்துபோக முடியாது.
எங்கள் ஊர் ஆட்களைப் போல.

உயிர் மடவையை முதுகில் கோர்த்து
ஈயமில்லாமல் விட்டேன்.
ஆறு வற்றி இழுக்கிற நேரம், பொழிமுகம் பக்கம் போனது.
பன்னிரண்டேகாலுக்கு
இரண்டு விரலுக்கு நடுவே
தங்கூஸ் ஒருதரம் யோசித்தது.
பிறகு யோசிக்கவில்லை.

பதினாறு வருஷம் டிக்கெட் கிழித்த விரல்,
அதையும் அறுத்துக்கொண்டு ஓடி
தூணை ஒரு சுற்று சுற்றிவிட்டது.
தூண் முழுக்கச் சிப்பி. ஒவ்வொன்றும் பிளேடு.
கீழே தெர்மோகோல் மிதவையில்
கணவாய்க்கு விளக்கு வைத்துக் குந்தியிருந்தது எஸ்தாக்கி.
போன மாதம் ஒன்பது ரூபாய் சில்லறைக்காக
என் சட்டையைப் பிடித்தவன்,
நித்திரவிளையில் இறங்கி, பஸ் மேல் ஓங்கி அடித்தவன்.

“இழுக்காத. தளத்துவிடு மக்கா.”

பிடித்த கையைத் திறப்பது,
அதுவும் அவன் பேச்சைக் கேட்டு,
சும்மா காரியமா?
விட்டேன்.
அவன் பலகைத் துண்டால் துழாவிப் போய்
தங்கூஸை விரலில் தூக்கி, சிப்பியில் படாமல்
மீன் போன வழியிலேயே
தூணைத் திருப்பிச் சுற்றி வந்தான்.
கை உதறியது எனக்குத்தான்.

மேலே வந்தபோது
சப்பைத் தலை, தவிட்டு முதுகு, விலாவில் வெள்ளைக் கோடு.
பக்கத்தில் இன்னொன்று.
அதன் வாயில் தூண்டில் இல்லை.
யாரும் இழுக்கவில்லை. கூடவே வந்திருக்கிறது.
எஸ்தாக்கியிடம் ஒரே கொக்கிக்கம்பு,
அது முதல் மீனின் தாடையில்.
இரண்டாவது மிதவையை ஒருமுறை வலம் வந்தது.
விளக்கைப் பார்த்தது. அவன் தொங்கவிட்ட காலை மோந்தது.
முதல் மீன் இருந்த தண்ணீரில்
கொஞ்சம் நின்றது.
“எறியேன்லே இன்னொரு தூண்டில்” என்றார் பீர்கண்ணு.
கையில் ரத்தம், என்று சொன்னேன்.
ரத்தம் இருந்தது உண்மைதான்.

விடியக்காலம் முதல் டிரிப்.
கடைசி சீட்டுக்கு அடியில் சாக்கில் பதினான்கு கிலோ.
லக்கேஜ் டிக்கெட் எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.
களியக்காவிளையில் இறக்கி
செக்போஸ்ட் தாண்டித் தூக்கிப்போனால்
கடல்விரால் அங்கே மோத.
பெயர் மாறின முந்நூறு அடியில்
கிலோவுக்கு நூற்றிருபது ஏறிவிடுகிறது.
செத்த மீனுக்கு இது தெரியாது.
உயிரோடு இருப்பதற்கும் தெரியாது,
அது தினம் எல்லை தாண்டுகிறது.

பாதிப் பணத்தை எஸ்தாக்கி எண்ணி
மடியில் வைத்தான். நகரவில்லை.
“அந்த ஒம்பது ரூவா?”
பையைக் குலுக்கிப் பார்த்தேன்.
பத்து ரூபாய்த் தாள்தான் இருந்தது.
வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னான்:
“சில்லறையில்ல.
எறங்கும்போ வாங்கிக்கோ.”