உளி படாதவன்

ஏழு மதகு நாட்டின் இளவரசனுக்கு
விடங்கன் என்று பெயர் வைத்தேன்.
உளி படாதவன் என்று பொருள்.
திருவாரூரில் உட்கார்ந்துகொண்டு
வேறெந்தப் பெயர் வரும் எனக்கு?

பதினேழு வயது. பூனை நடை.
பக்கத்து வயல்காரன்மேல் குற்றம் சொல்பவனுக்கு மட்டும்
மதகு திறப்பான்.
சொல்ல ஒன்றுமில்லாதவன் நாற்று
வெடித்த சேற்றில் நின்றபடி கருகும்.
நான்காம் அத்தியாயத்தில்
ஓடக்காரன் ஒருவன் சொல்ல மறுத்தான்.
அவன் மகன் கையாலேயே
ஓடத்துக்குத் தீ வைக்கச் செய்தான் விடங்கன்.
எழுதிவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

பதிப்பாளர் கேட்டார்:
'இவ்வளவு விஷம் எங்கேருந்து சார் வந்துச்சு இவனுக்கு?'
கிரகணத்தில் பிறந்தவன் என்று எழுதிப் பார்த்தேன்.
ஒரு சாபம். ஒரு மந்திரக்காரி.
பாம்புப் புற்றில் மூன்று இரவு.
அவித்த நெல்லை விதைத்த மாதிரி
ஒன்றும் முளைக்கவில்லை.

அப்புறம் ஒரு ராத்திரி
பக்கத்து வீட்டில் விரால் குழம்பு கொதித்தது.

அப்பா ரைஸ்மில்லிலிருந்து வருவார்,
காதுமடலெல்லாம் தவிடு.
சட்டியில் விரால் தலை ஒன்றுதான் இருக்கும்.
'இன்னைக்கு எவன் என்ன பண்ணினான்?'
முதலில் சொல்பவனுக்குத் தலை.
அடிக்க மாட்டார். கத்தவும் மாட்டார்.
சொன்னவன் முதுகைத் தடவிக் கொடுப்பார்,
அவ்வளவுதான்.
அந்தக் கை
எவ்வளவு சூடாக இருக்கும் தெரியுமா?
அம்மா கஞ்சி வடிக்கிற சாக்கில்
திரும்பிக்கொள்வாள்.
பக்கிரிக்குத் திக்குவாய்.
அவன் 'அ... அ...' என்பதற்குள்
நான் விரால் கன்னத்தை உறிஞ்சிக்கொண்டிருப்பேன்.
சொல்ல ஒன்றுமில்லாத நாட்களில்
புனையக் கற்றுக்கொண்டேன்.

ஐந்தாம் அத்தியாயம் ஒரே மூச்சில் வந்தது.
அரண்மனைப் பந்தி. வெள்ளித் தட்டு.
ராஜா மகனை மடியில் இருத்திக் கேட்கிறார்,
'இன்று யார் என்ன செய்தார்கள், கண்ணே?'
முதலில் குதிரைக்காரன் காணாமல் போகிறான்.
அடுத்து பால் கொடுத்த தாதி.
'இப்ப நம்பறேன் சார்' என்றார் பதிப்பாளர்.

பக்கிரி நாகப்பட்டினத்தில்
ஐஸ் ஃபேக்டரியில் இருக்கிறான்.
ஒரு பிரதி அனுப்பியிருந்தேன்.
ஓடம்போக்கியில் தண்ணீர் வந்த அன்றைக்கு
போன் வந்தது.
'படிச்சேண்ணே' என்றான்.
பின்னால் கம்ப்ரசர் இரைச்சல்.
இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, திக்கினான்.
அவன் முடிக்கட்டுமென்று
முதல் தடவையாகக் காத்திருந்தேன்.

'அ... அந்த ராஜாவுக்கு
ஒ... ஒரே புள்ளையாண்ணே?'