கழன்ற திருகாணி

கல்லடிப் பாலத்தில் தொடங்கியது
இந்த ஜன்னல் கண்ணாடியின் கிடுகிடுப்பு.
மடியில் கணினி, அதற்குள்
ஆறு மணித்தியாலத்துக் காந்தப் புலம்:
பூமியை முட்டுமுன் சூரியக் காற்றை
ஒரு விண்கலம் நாடி பிடித்துப் பார்த்த கணக்கு.
கட்டுரையைத் திருப்பியனுப்பிய நடுவர்
ஒரு வரிதான் எழுதியிருந்தார்.
சக்தி கடைசியில் எங்கே போகிறது?

காத்தான்குடியில் ஆட்டோவொன்று குறுக்கே கிறுக
பஸ் முழுதும் சாய்ந்து நிமிர்ந்தது.
சாய்வு கதிரைகளுக்கு இறங்கியது,
கதிரையிலிருந்து கைபிடிக் கம்பிக்கு,
கம்பியிலிருந்து என் கண்ணாடிக்கு,
அதன் மூலையில் பாதி கழன்ற
ஒரு திருகாணிக்கு.

பெரிய சுழி தன்னைவிடச் சின்னதிடம் கொடுக்கும்.
அது மறுகா அதைவிடச் சின்னதிடம்.
கைமாற்றும் வழியில் யாரும்
ஒள்ளுப்பமும் எடுத்து வைப்பதில்லை.
வரைபில் அது ஒரு நேர்கோடு,
மூன்றடி குறுக்கே போனால் ஐந்தடி இறக்கம்.
ஒரு புரோத்தன் காந்தக் கோட்டைச் சுற்றிவரும்
அந்தச் சின்ன ஆரை வரைக்கும்.
அங்கே கோடு முறிந்து
இன்னும் செங்குத்தாய் விழுகிறது.

வாவித் தண்ணீருக்குப் பிசுக்குண்டு.
துடுப்பு கிளப்பிய சுழி
உரசி உரசிச் சூடாய் முடியும்.
அங்கே உரச ஆளில்லை.
சூரியனை விட்டுப் புறப்பட்ட புரோத்தன்
இங்கே வருமுன் இன்னொன்றோடு மோதுவது
ஒரு தரம்.
அதுவும் நிச்சயமில்லை.
ஆனாலும் விரிய விரியக் குளிரவேண்டிய காற்று
கணக்குச் சொன்ன அளவுக்குக் குளிரவில்லை.
யாரோ வழியில் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

"அலையிலே ஏறிக்கொள்ளுதுகள்" என்பாள் ஜெஸீமா.
அறுகம்பையில் பலகையோடு கிடப்பவனைப்போல,
அலையின் வேகத்துக்குச் சமமாய்க் கையடித்தவனை
அலை தூக்கிக்கொண்டு போகும்,
தன் பலத்தில் கொஞ்சத்தை அவனுக்குக் கொடுத்து.
நான் சொல்வது வேறு.
மின்னோட்டம் தாள்தாளாய் மெலிந்து
கிழியும் இடத்தில்தான் சூடு.
எட்டு மாதமாய் இந்தச் சண்டை.
மருதமுனைச் சாரம் விற்கும் அவள் மச்சான்கூட
ஒரு நாள் கேட்டுவிட்டார்,
"ரெண்டும் இருந்தா என்ன கா?"

குருக்கள்மடத்தில் கொண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.
டிக்கட் துண்டொன்றை நாலாய் மடித்து
கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகினார்.
நின்றது கிடுகிடுப்பு.
களுவாஞ்சிகுடி வரை அமைதியாய்
வரைபைத் திருத்திக்கொண்டு வந்தேன்.
பெரியநீலாவணையில்தான் கேட்டது,
முன் கதிரையின் முதுகுத் தகரம்
மெல்லிய குரலில் முனகத் தொடங்கியிருந்தது.
ஒரு கதவைச் சாத்தினார்.
வந்தது திரும்பிப் போகவில்லை.
அடுத்த கதவைத் தேடிக்கொண்டது.

கல்முனைச் சந்தியில் கைபேசியில் தட்டினேன்:
அலை மெலிந்த நேரங்களைத் தனியாய்ப் பிரி.
அப்போது தாள்கள் என்ன செய்கின்றன, பார்.
அவள் பதில் ஒரு பெருவிரல்,
மறுகா,
"கரன்ட் இல்ல. நீ வா."

களியோடைப் பாலம் தாண்டி இறங்குமுன்
அந்தக் காகிதத்தை உருவி எடுத்தேன்.
ஒலுவில் என்ற எழுத்து அழிந்து,
அடி வாங்கி வாங்கி
பஞ்சாய்ப் போயிருந்தது.
விரலில் சூடு.
ஜன்னல் பக்கம் முழு வெயில்.
வெயிலில் எவ்வளவு, அதிர்வில் எவ்வளவு
என்று பிரித்துச் சொல்ல
என்னிடம் இன்னும் கருவியில்லை.

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்,
ஜெஸீமாவிடம் காட்ட.
படியிறங்கும்போது ஆறத் தொடங்கியிருந்தது.