உப்பில்லை

எண்ணூருக்கு நேரே கடலில் விழுந்த
ரெண்டு சீட்டு விமானத்தை
விசைப்படகில் கட்டி இழுத்துவந்து
காசிமேட்டில் போட்டார்கள், வாலில் வலை சுற்றியபடி.
ஓட்டியவர் பிழைத்தார். பேச்சுதான் வரவில்லை.

நான் போட் மெக்கானிக். ஆகாயம் தெரியாது.
இறக்கையின் அடித்திருகைத் திறந்து
கண்ணாடி டம்ளரில் பிடித்தேன்.
மேலே நீலப் பெட்ரோல்,
கீழே நிறமில்லாமல் ரெண்டு விரல்கடை.

'கடல்நீர் புகுந்துள்ளது'
எழுதிக்கொண்டே இருந்தார் அதிகாரி.

விரலை அடிவரை விட்டு நாக்கில் வைத்தேன்.
எரிச்சல். எரிச்சலுக்குப் பின்னால்
போன வாரத்து மழை.

டேங்க் மூடியின் ரப்பர் வளையம்
வெடித்துக் கிடந்தது.
தேசப்பன் படகும் இப்படித்தான் நின்றது, ஒன்பது மைலில்.
அவன் பீடி பற்றவைத்து
மிதந்துகொண்டிருந்தான், விடியும்வரை.

இவருக்கு எத்தனை நிமிஷம் கிடைத்ததோ.

டம்ளரை நீட்டினேன்:
"சார், கொஞ்சம் நாக்க நீட்டு."