ஐந்து கட்டம்

உளவியல் துறையிலிருந்து வந்த தாளில்
பதினெட்டுக் கேள்வி,
கேள்விக்கு ஐந்து கட்டம்.

'அவர்களோடு ஒரே பெஞ்சில் அமர்வீர்களா?'
முழுமையாக ஒப்புகிறேன்.
டிக் அடிக்கையில்
பக்கத்து இடத்தில் என் பை உட்கார்ந்திருந்தது.

'அவர்களை நண்பராக ஏற்பீர்களா?'
முழுமையாக.
பேனா தயங்கவே இல்லை.

சாத்தப்பனை வகுப்பே தம்பி என்றுதான் கூப்பிடும்.
எங்களைவிட இரண்டு வயது மூத்தவன்.
செக்காலை ரோடு ஜெராக்ஸ் கடையில்
அவன் சில்லறை எண்ணி முடிக்கும்வரை நிற்போம்,
நிற்பதை யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தபடி.
அவன் பிறந்தநாளுக்குக் கேக் ஊட்டிய படத்துக்கு
எனக்கு முந்நூறு லைக்.

குன்றக்குடிக்கு வேன் பிடித்ததை மட்டும்
அவனிடம் சொல்லவில்லை.
படி ஏறச் சிரமப்படுவானாம்.
தினமும் மூன்றாம் மாடி வகுப்புக்கு
எங்களுக்கு முன்னால் வந்துவிடுகிறவன்.

தாள் கொடுக்க வந்த பெண்ணுக்கு
யாருக்குக் கொடுக்கக் கூடாதென்று
யாரும் சொல்லி அனுப்பவில்லை போல.
அவனும் எழுதினான்.
மணி அடித்தும் எழுதினான்.
நான்தான் வாங்கிக்கொண்டு போனேன்,
மாடிப்படித் திருப்பத்தில் நின்று பார்த்தேன்.

'அவர்கள்' வந்த இடத்திலெல்லாம்
பென்சிலால் அடித்துவிட்டு
மேலே எங்கள் பெயர்கள், பிழையோடு.
வள்ளிமயிலுக்கு ஒப்புகிறேன்.
கருப்பையாவுக்கும் அதே,
ஓரத்தில் 'கேன்டீனில் மட்டும்'.

என் பெயருக்கு நேரே
டிக் இல்லை.
ஒவ்வொரு கட்டத்திலும் போட்டுப் போட்டு
ரப்பரால் அழித்திருக்கிறான்.
அந்த வரிசையில் மட்டும்
தாள் நைந்துபோயிருந்தது.